கறிச்சட்டிக்குக் காவல்

கடலுக்குப் போவதற்கும் நல்ல நாள் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. ரவாங்கிலிருந்து போர்ட்டிக்சனுக்குக் கிளம்ப மற்றவர்களுக்கு ஒரு காடியும், டச் அண்ட் கோ அட்டையில் கொஞ்சம் காசும் போதும். எங்களுக்குச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அனுமதியும் வேண்டும். பெரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் சூலத்தில் வந்து நிற்பார். வியாழக்கிழமை தெற்கே சூலம். போர்ட்டிக்சன் தெற்கே இருக்கிறது. ஆகவே வியாழனில் விழும் பொது விடுமுறை எங்களைப் பொறுத்தவரை விடுமுறையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். எங்களுக்கு ஆகப் பக்கத்திலிருக்கும் ஜெராம் கடற்கரை மேற்கே இருக்கிறது. “வெல்லம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா சூலம் ஒண்ணும் பண்ணாதுக்கா” என்று மாமா பரிகாரம் சொல்லிப் பார்த்தார். பெரியம்மாவுக்கு இனிப்பு நீர். சூலத்தைவிட டாக்டருக்குப் பயந்தவர் அவர். ஜெராம் அத்தோடு முடிந்தது.

அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. காரணம் கேட்டால், “கேக்காத, சொன்னா கேளு” என்பதுதான் பதில். வேடிக்கை என்னவென்றால் இந்தத் தடையில் மட்டும் விஷயம் இருக்கிறது. அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று இழுப்பதால் கடலின் ஏற்றமும் வற்றமும் அதிகம். கிள்ளான் துறைமுகத்தில் அந்த நாட்களில் தண்ணீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். இழுப்பு பலமாக இருக்கத்தானே செய்யும்? ஆனால் பௌர்ணமிக்கும் இதே கணக்குதான் என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். “பௌர்ணமி நல்ல நாளுடா, சாமிக்கு உகந்த நாளு” என்று முதல் ஆளாகக் காடியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். சந்திரனில் பாதியை நம்பிப் பாதியை நம்பாத ஒரு வானியல் அவருடையது.

கடற்படையின் கடல் அளவை மையம் ஒன்று பூலாவ் இண்டாவில் இருக்கிறது. ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று ஆண்டு முழுமைக்கும் கணக்குப் போட்டு அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசியில் தட்டினாலும் கிடைக்கும். இன்று பத்து மணிக்கு ஏற்றம் என்றால் நாளை ஏறத்தாழ பத்து ஐம்பதுக்கு. இதையும் நம் நாட்காட்டியில் ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டால் பாதித் தமிழர் தலைகள் கடலில் பத்திரமாக இருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம். அச்சகத்தார் யாரும் இதுவரை அசைந்து கொடுக்கவில்லை.

ரவாங்கில் கடல் இல்லையே தவிர, மற்றபடி நாங்கள் பின்தங்கியவர்கள் இல்லை. 1894-ஆம் ஆண்டிலேயே லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்குள்ள ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். கோலாலம்பூரே பார்க்காத மின்விளக்கை ரவாங் பார்த்தது என்று மாமா இன்றைக்கும் தாமே ஸ்விட்ச் போட்ட தோரணையில் சொல்வார். தண்ணீருக்கும் குறையில்லை. காஞ்சிங் அருவி இருக்கிறது, டெம்ப்ளர் பூங்கா இருக்கிறது, சுரங்கங்கள் விட்டுப்போன ஈயக்குட்டைகள் இருக்கின்றன. இவற்றில் விழுந்து எழுந்தவர்கள் எல்லோருக்கும் “எனக்கு நீச்சல் தெரியும்” என்று ஒரு நினைப்பு. மாமா அந்தச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆற்றை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே மூச்சில் கடந்தவர். இதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டபடியால் ஆற்றின் அகலம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறது.

ஆற்றில் நீந்தியவரிடம் கடலைப் பற்றிப் பேசுவது கஷ்டம். ஆறு ஒரே திசையில் போகிறது. இரண்டு பக்கமும் கரை தெரிகிறது. போதாக்குறைக்குக் கடலின் உப்புத்தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கிறது. நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறவர் கடலில் இறங்கியதும், தமக்கு நீச்சல் முன்பைவிட நன்றாக வருகிறது என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையோடு நெஞ்சளவுத் தண்ணீர் வரைக்கும் போய்விடுகிறார். போர்ட்டிக்சனில் தெலுக் கெமாங்கைத் தாண்டித் தஞ்சோங் துவான் முனையில் போர்த்துகீசியர் காலத்திலிருந்து கலங்கரை விளக்கு இருந்துவருகிறது. இப்போது நிற்பது 1863-இல் கட்டியது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க அந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம் என்பது தனிக் கதை. மலாக்கா நீரிணை ஒடுங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. எதிரே ருபாட் தீவு முப்பத்தெட்டு கிலோமீட்டர். வானம் தெளிந்த நாளில் சுமத்ரா பக்கம் கோடாகத் தெரியும். மாமா அதைப் பார்த்து, “இதோ இருக்குடா. அந்தக் காலத்துல நானா இருந்தா நீந்தியே போயிருப்பேன்” என்றார். கடப்பிதழ் கொண்டுவரவில்லை என்பதால் விட்டுவிட்டாராம்.

ஜெராமுக்குச் சூலம் தடை என்றேன். உண்மையைச் சொன்னால் சூலம் இல்லாவிட்டாலும் அங்கே குளிக்கப் போவதில் அர்த்தமில்லை. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ரவாங்கிலிருந்து ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. ஆனால் ஜெராம் பந்தாய் ரெமிசில் சிப்பியும் சுட்ட மீனும் சாப்பிடலாம், சூரியன் மறைவதைப் பார்க்கலாம், தண்ணீர் வற்றியிருந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றையும் பார்க்கலாம். டோல் கட்டிப் போய்க் கடலைக் காணாமல் திரும்பிய குடும்பங்கள் எங்கள் தாமானிலேயே உண்டு. மணல் வேண்டும் என்றால் மோரிப். அங்கேயும் வற்றத்தில் கடல் நெடுந்தூரம் உள்ளே போய்விடும்.

மோரிப்பின் மணலை நம்பி மோசம் போனவர்களில் பிரிட்டிஷ் ராணுவமும் அடக்கம். ஜப்பானியர்களிடமிருந்து மலாயாவை மீட்க மாதக் கணக்கில் திட்டம் போட்டு, ‘ஆப்பரேஷன் சிப்பர்’ என்று பெயரும் வைத்து, 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி மோரிப்பில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். போர் அதற்குள் முடிந்துபோயிருந்தது; ஜப்பானியர்கள் சரணடைந்துவிட்டார்கள். அதனால் வந்தவர்கள் பிழைத்தார்கள். ஏனென்றால் இறங்கிய வண்டிகள் மேலே மணலும் கீழே சேறுமாக இருந்த கரையில் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சுட ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்றாசிரியர்கள் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கடற்கரையில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்துதான் பெரியம்மா, “நம்ம காடிய மண்ணுல இறக்காத தம்பி” என்று என்னை எச்சரித்தார். ராணுவத்துக்கு இல்லாத முன்யோசனை.

மோரிப்பில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வற்றத்தில் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டே வெகுதூரம் நடந்துவிடுவார்கள். ஏற்றம் திரும்பும்போது தண்ணீர் முன்னாலிருந்து அலையடித்துக்கொண்டு வரும் என்று நாம் அந்தப் பக்கமே பார்த்திருப்போம். அது நமக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களில் ஓசைப்படாமல் நிறைந்துகொண்டிருக்கும். நிற்கும் மேட்டில் கணுக்காலளவுதான் இருக்கும். கரைக்குத் திரும்பும் வழியில் இடுப்பளவு ஆகியிருக்கும்.

ஆக, எல்லாக் கணக்கும் போட்டுப் போர்ட்டிக்சன்தான் முடிவாகும். விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று முடிவெடுத்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் தெலுக் கெமாங் போய்ச் சேர்வோம். சிரம்பானைத் தாண்டியதும் சாலையே கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். காடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் கதை புரியும். கோழிக்கறி ஒரு பெரிய சட்டி, மூடியைத் துணியால் வரிந்து கட்டி. நெத்திலி சம்பல். ஐஸ் பெட்டி. பாய்கள். பெரியம்மா உட்கார மடக்கு நாற்காலி. பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும் ரப்பர் வளையங்கள். ஒரு மூலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், திரும்பி வந்ததும் சுற்றிப்போட.

கரையில் இறங்கியதும் காவல் பணிகள் பிரித்துக் கொடுக்கப்படும். நாய் வராமலும் காக்கை வராமலும் மணல் பறந்து விழாமலும் கறிச்சட்டியைக் காப்பது மாமா பொறுப்பு. செலிப்பர்களுக்கு ஒரு ஆள். கைப்பேசிகளுக்கு ஒரு ஆள். கழற்றி வைத்த நகைகளுக்குப் பெரியம்மாவே நேரடிப் பொறுப்பு. நேரம் போகப்போகத் தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவிவிடும் என்பது அவருக்குத் தெரியும். தாலிக்கொடியை ரவிக்கையோடு ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். இப்படியாக ஒரு சிறு ராணுவமே காவலுக்கு நிற்கும். தண்ணீரில் இறங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் ஆள் இருக்காது. “எல்லாரும் இங்கதானே இருக்கோம்” என்பார்கள். எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் யாரும் பார்ப்பதில்லை என்பதைக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தேடியவர்கள் அறிவார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். முழுகுகிறவர் கையை ஆட்டி, “காப்பாத்துங்க” என்று கத்துவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மூச்சுக்கே திண்டாடுகிறவருக்குக் கத்த ஏது மூச்சு? வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறப் பார்ப்பவரைப்போல இருப்பார். ஒரு சத்தமும் இருக்காது. சின்னப் பிள்ளை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கூச்சல் போட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், “அப்பாடா” என்று சொல்லிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரமில்லை அது.

பெரியம்மாவின் தண்ணீர்ச் சட்டங்கள் வேறு மாதிரி. சாப்பிட்டதும் இறங்காதே. உச்சி வேளையில் இறங்காதே. விளக்கு வைக்கும் நேரத்தில் இறங்கவே இறங்காதே, ‘அது’ இழுத்துக்கொண்டு போய்விடும். ‘அது’ யார் என்று இதுவரை விளக்கம் வரவில்லை. சாப்பிட்டதும் குளித்தால் கை கால் பிடித்துக்கொண்டு முழுகிவிடுவார்கள் என்பதற்கு மருத்துவத்தில் பெரிதாக ஆதாரம் கிடையாது. பீர் குடித்துவிட்டு இறங்கினால் முழுகுவார்கள் என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு. ஆனால் பீர் குடித்துவிட்டு வரும் மருமகன்களிடம் சட்டம் பேச முடியாதல்லவா? அவர்களுக்கு இன்னும் ஒரு துண்டு கோழிதான் கிடைக்கும்.

இழுத்துக்கொண்டு போவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பொழுது சாய வேண்டியதில்லை. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். எங்காவது பள்ளமான இடம், கல் தடுப்பின் ஓரம் என்று அகப்பட்டால் அதன் வழியே ஒரே ஓட்டமாகக் கடலுக்குள் திரும்பும். அங்கே அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரியும். குடும்பத்தோடு வந்தவர்கள், “இங்க அலையே இல்ல, பிள்ளைங்களுக்கு நல்ல இடம்” என்று தேடிப்பிடித்துப் பாய் விரிப்பது சரியாக அதற்கு நேராகத்தான். அந்த ஓட்டம் பலமாக இருந்தால் ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது. மாமா எந்த மூலை? மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துவிடாமல், மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். ஓட்டம் அகலமானதல்ல. அது ஆளைக் கீழே இழுப்பதும் இல்லை, வெளியே கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான். கீழே இழுப்பது நம் பயமும் களைப்பும்.

சென்னையிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவரையும் ஒருமுறை அழைத்துப் போயிருந்தோம். மெரினாவில் வளர்ந்தவர் என்பதால் இவர் கடலைக் கரைத்துக் குடித்தவராக இருப்பார் என்று பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தோம். மனிதர் முழங்கால் தண்ணீரைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. அங்கே குளிக்கவே தடையாம். கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பு அதிகம், குதிரையில் போலீஸ் வந்து விரட்டுமாம். கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1884-இல் அழகுபார்த்துப் பெயர் வைத்த கடற்கரை அது. துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டப்போய், தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்துதான் அத்தனை அகலம் ஆனது. “நாங்க கடலுக்குப் போறது காத்து வாங்க, சுண்டல் வாங்க. இறங்குறதுக்கு இல்லைங்க” என்றார். எங்கள் கூட்டத்திலேயே கடலைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

மேற்குக் கரை சாது என்று ஒரு பேச்சு உண்டு. கிழக்கே பருவமழைக் காலத்தில், நவம்பர் தொடங்கி மார்ச் வரை, கடல் எழும்பி நிற்கும், சிவப்புக் கொடி பறக்கும். யாரும் இறங்க மாட்டார்கள். இங்கே சுமத்ரா தீவு குறுக்கே படுத்து அலையைத் தடுத்துவிடுகிறது. அதே சுமத்ரா பக்கமிருந்து ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாட்களில் விடியற்காலையில் கறுப்பு வரிசையாக மேகம் வரும். வானிலைக்காரர்கள் அதற்கும் ‘சுமத்ரா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வந்தால் காற்று, மழை, இடி எல்லாம் ஒன்றாக வரும். நாங்கள் அதற்குள் மாட்டியதில்லை. விடிகாலையில் போய்ச் சேர்ந்தால்தானே?

ரப்பர் வளையம்தான் எனக்கு ஆகாதது. தரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் மேலே இருக்கும் பிள்ளை காலை உதைக்காமலேயே வெளியே போகும். எங்கள் வாண்டு ஒருவன் யூனிகார்ன் வடிவ வளையத்தின் மேல் ஏறி அமர்ந்து இப்படித்தான் சுமத்ராவை நோக்கிப் பயணமானான். “விடுடா, ஜாலியா இருக்கான்” என்றார் மாமா, சட்டியை விட்டு எழுந்திருக்காமல். பொது தற்காப்புப் படையின் ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர் விசில் அடித்துக்கொண்டே இறங்கிப் போய், கழுத்தளவுத் தண்ணீர் வருவதற்குள் யூனிகார்னின் வாலைப் பிடித்து இழுத்துவந்தார். பெரியம்மா நன்றி சொல்லிவிட்டு, “சுடா மக்கான்?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “மக்சிக், சாயா தெங்கா கெர்ஜா” என்று கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே குளியுங்கள், அங்குதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை பெரியம்மா அந்தக் கொடிகளைக் கட்சிக் கொடி என்று நினைத்திருந்தார்.

யாராவது தத்தளித்தால் ஓடிப்போய்க் குதிக்காதீர்கள் என்பதையும் அவரே சொன்னார். முழுகுகிறவர் கையில் அகப்பட்டவரைப் பிடித்து அழுத்தித்தான் மேலே வரப் பார்ப்பார். ஒரு துக்கம் இரண்டாகும். 999-க்கு அழைத்துவிட்டு, மிதக்கும் எதையாவது வீச வேண்டும். அன்றைக்குத்தான் எங்கள் சாமான்களுக்கு உள்ள மரியாதை எனக்குப் புரிந்தது. ஐஸ் பெட்டியைக் காலி செய்து மூடி வீசினால் பெரிய ஆளையே தாங்கும். மூடி போட்ட காலித் தண்ணீர்க் கலன் மிதக்கும். மாற்றுடைப் பையில் இருந்த பெரியம்மாவின் வாயில் புடவை ஐந்தரை மீட்டர். நாலு பேர் கரையில் நின்று பிடித்துக்கொண்டால் கயிறுதான். ஆனால் அதையே கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினால் ஈரம் ஏறிக் காலைச் சுற்றிக்கொள்ளும். பெரியம்மா கஃப்தானில்தான் இறங்குவார், அதுவும் கணுக்கால் வரை, அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு.

சொறி மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருமகளின் காலில் ஏதோ பட்டுக் கோடு கோடாகச் சிவந்தபோது மாமா மிகுந்த தியாக உணர்ச்சியோடு எழுந்து, இதற்கு வைத்தியம் தம்மிடமே தயாராக இருக்கிறது, எல்லோரும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றார். சிறுநீரால் பயனில்லை, கொட்டாமல் மிச்சமிருக்கும் கொடுக்குகளை அது கிளறியும் விடலாம் என்று தாதியாக வேலை செய்யும் என் மனைவி தடுத்திராவிட்டால் மருமகள் வீட்டுச் சம்பந்தமே முறிந்திருக்கும். நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால் கழுவி, ஊறுகாய்க் கூடையிலிருந்த வினிகரை ஊற்றினாள். மாமா ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

அடுத்த முறை போனபோது என் மனைவியே காவல் பட்டியலைத் திருத்திவிட்டாள். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்வரை ஒருவர் கரையில் நின்று அவர்களை மட்டும் பார்க்க வேண்டும். கைப்பேசி கூடாது, பேச்சு கூடாது, கறி கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். காவலுக்கு நிற்பவர் கழுத்தில் விசில். செலிப்பர்களை யாரும் காக்க வேண்டாம், போனால் போகட்டும். பெரியம்மா முதலில் முகத்தைச் சுளித்தாலும், விசிலைப் பார்த்ததும் முதல் முறை தமக்குத்தான் வேண்டும் என்றார். இருபது நிமிடத்தில் பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லோரும் பயந்து கரையேறும் அளவுக்கு ஊதினார்.

பிறகு மாமாவின் முறை. அசையாமல் நின்றார். கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு பையன் கொஞ்சம் தள்ளிப் போனதும் விசில் ஊதி, முழங்கால்வரை நனையத் தண்ணீருக்குள் போய்க் காதைத் திருகிக் கூட்டிவந்தார். மாமாவிடம் இப்படி ஒரு பொறுப்பா என்று நாங்கள் மலைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி மெதுவாகக் கேட்டாள், “மாமா, உங்க தூரப்பார்வைக் கண்ணாடி எங்க?” அது ரவாங்கில், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே கரையேறி ஐஸ் கச்சாங் வாங்கப் போயிருந்தார்கள். மாமா அத்தனை நேரமும் எண்ணிக்கொண்டிருந்தது கிள்ளானிலிருந்து வந்த வேறொரு குடும்பத்தின் பிள்ளைகளை. காது திருகப்பட்டவனும் அவர்களுடையவன்தான். அந்த வீட்டு அம்மா சண்டைக்கு வரப்போகிறார் என்று நாங்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தோம். அவர் ஒரு தட்டு நிறைய மீன் சம்பல் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டி, “அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் இருப்பீங்க?” என்று கேட்டார்.